எட்டுக் கைக் குடை

ஏலக்காய் மூட்டைகளின் மேல் ஈரக் குடை ஒன்று வந்து விழுந்தது.

பெத்துராஜ் பதறி எழுந்தார். போடிநாயக்கனூர் மேலப்பெருந்தெருவில் அவருடைய கிட்டங்கியில் ஈரக்கை படக்கூடாது என்பது கட்டளை. சுமையாட்கள்கூடக் கையைத் துடைத்துக்கொண்டுதான் மூட்டையைத் தொடுவார்கள். ஆனால் குடையைப் போட்டவர் சுமையாள் அல்லர். மிஷன் பெண் பாடசாலையின் தலைமை உபாத்தியாயினி ஞானபாக்கியம், மழையில் நனைந்த முந்தானையைப் பிழியாமலேயே அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“இது யாரு குடைன்னு கேளுங்க, அண்ணாச்சி.”

“குடையை மொதல்ல எடுங்க, வாத்தியாரம்மா. சரக்கு நனையுது.”

“சரக்கு நனைஞ்சா காயப் போட்டுக்கலாம். அங்க ஒரு பிள்ளை நனைஞ்சு நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. கருத்தம்மா மக செல்லக்கிளி. குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, இந்தத் தெரு முழுக்க மழையில நடந்து வந்திருக்கா. மழையில குடையை மடக்குனவ பேரைப் பாடசாலைப் பதிவுல அடிக்கணும்னு சட்டம் போட்டது நீங்க. கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். அடிச்சிரவா?”

தாம் போட்ட சட்டம் இப்படித் தம் கிட்டங்கிக்குள்ளேயே நடந்து வந்து மூட்டைமேல் உட்காரும் என்று பெத்துராஜ் கனவிலும் கண்டதில்லை.

அந்தச் சட்டம் பிறந்த கதை இது. பாடசாலையைப் பார்வையிட வந்த மிஷன் துரைசாணி அம்மாள், ஒவ்வொரு பாடசாலைக்கும் தன் பெயரைச் சொல்லும் பொருள் ஒன்று வேண்டும் என்றார். அது பிள்ளைகள் கையிலும் இருக்க வேண்டும், கடையிலும் விற்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில், இவர்கள் எதை நம்புகிறவர்கள் என்று ஊர் அறிய வேண்டும் என்றார். பாடசாலைக் கமிட்டி கூடியது. பித்தளைச் செம்பு என்றார் ஒருவர். சிலுவை பின்னிய கைக்குட்டை என்றார் இன்னொருவர். ஞானபாக்கியம் மட்டும், “குடை” என்றார். மேற்கே மலை, வருஷத்தில் பாதி நாள் மழையும் சாரலும். கறுப்புத் துணிக் குடைகளை மதுரையிலிருந்து வண்டியில் வரவழைத்தால், வெள்ளைத் துணியில் சின்னத்தை வெட்டித் தையல் வகுப்புப் பிள்ளைகளே அதன்மேல் தைத்துவிடுவார்கள்.

சின்னத்தையும் அவரே வரைந்து கொண்டுவந்தார். குடைக்கு எட்டுக் கம்பி; கம்பிக்குக் கம்பி நடுவே ஒரு கை; ஒவ்வொரு கையும் அடுத்த கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். விரித்தால் எட்டுக் கைகளும் ஒரு வளையம். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. கமிட்டியிலிருந்த ஒரு கனவான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“வெறுங்கையா இருக்கே. ரெண்டு வளையல் போடுங்கம்மா. நல்ல குடும்பத்துக் கைன்னு தெரியும்.”

“வளையல் போட்டா யார் வீட்டுக் கைன்னு தெரிஞ்சு போகும், ஐயா. அது தெரியக் கூடாதுன்னுதான் போடலை” என்றார் ஞானபாக்கியம். “ஒரே பிதாவுக்குப் பிள்ளைகள்னு தினமும் சொல்லிக் கொடுக்கறோம். அதை ஒரு தடவை தைச்சும் காட்டுவோமே.”

பெத்துராஜுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவர் வியாபாரி. ஏலக்காய் மூட்டைக்கு உயிர் அதன் மார்க்கா. மலையிலிருந்து எத்தனையோ தோட்டத்துச் சரக்கு இறங்குகிறது. கோணிமேல் கரியால் எழுதிய மார்க்காவைப் பார்த்துத்தான் இன்னார் சரக்கு என்று ஊர் அறியும். ஆகையால் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி அடுக்கும்போது மார்க்கா வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். உள்ளே திரும்பிய மூட்டையை எந்தத் தரகனும் கையால் தொடமாட்டான். அந்த வியாபாரப் புத்தியிலேயே அவர் கமிட்டியில் எழுந்து முழங்கினார்: “தைச்ச மார்க்காவை மறைச்சுவச்சா அது திருட்டுச் சரக்கு மாதிரி! மழைன்னா நம்ம பிள்ளைக குடையை விரிச்சுத்தான் வரணும், விரிச்சுத்தான் போகணும். மடக்கிக் கக்கத்துல வச்சவ பேரு பாடசாலையில இருக்கக் கூடாது!” கமிட்டி கைதட்டி ஏற்றது.

கைதட்டிய ஒருவராவது ஒரு நிமிஷம் யோசித்தாரா? மேலப்பெருந்தெருவில் சேரி மக்கள் குடை விரிக்கக்கூடாது என்ற ஊர்க்கட்டு அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். செருப்பைக் கழற்றிக் கையில் எடு. குடையை மடக்கிக் கக்கத்தில் வை. பிறகு தெருவில் கால் வை. மழை இன்னார் தலை என்று பார்த்துப் பெய்ததில்லை; தெரு பார்த்தது. இத்தனையும் தெரிந்த கனவான்களுக்கு அந்தப் பிள்ளைகளின் நினைவு மட்டும் வரவில்லை. ஏனென்றால் சேரியில் குடியிருக்கும் மலைத்தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் தெரு வழியே வருகிறவர்கள் அல்லர். ஆற்றங்கரை ஒற்றையடிப் பாதையில், ஊர்க் கண்ணில் படாமல் வந்து பின்வாசலால் நுழைகிறவர்கள். கண்ணில் படாதவர்களுக்கும் சேர்த்துத்தான் சட்டம் செய்துவிட்டோம் என்பது, ஐப்பசியில் ஆறு பெருகி அந்தப் பாதையை விழுங்கிய அன்றைக்குத்தான் தெரிந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம்.

“ஆத்து வழியா வரச் சொல்லுங்க” என்றார் பெத்துராஜ், நனைந்த மூட்டையைத் துண்டால் ஒற்றியபடி.

“ஆத்துல நேத்து ஆடு போயிருச்சு. பிள்ளையும் போகட்டுமா?”

“வெள்ளம் வடியற மட்டும் வீட்டுல இருக்கட்டும்.”

“வீட்டுல இருந்தா, மலையேறுற கங்காணி ஆள் கணக்குக்கு அவளையும் கூட்டிட்டுப் போயிருவான். போன வருஷம் அப்படிப் போன ரெண்டு பிள்ளைக இன்னும் எறங்கி வரலை. இவ ஒரு மழைக்கு வீட்டுல இருந்தா அதோட சரி, அண்ணாச்சி. உங்களுக்கே தெரியும்.”

“அப்ப, மலைப்பிள்ளைகளுக்கு மட்டும் சட்டத்துல ஒரு விலக்குக் குடுத்துருவோம். அவங்க மடக்கிக்கலாம்னு…”

ஞானபாக்கியம் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்தார். தையல் வகுப்புக் கத்தரியை எடுத்தார். செல்லக்கிளியின் குடையை அங்கேயே விரித்து, கத்தரியை அதன்மேல் வைத்தார்.

“அப்படின்னா எட்டுக் கையில ஒண்ணை வெட்டி எடுத்துருங்க. எந்தக் கைன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் கமிட்டி, நீங்களே வெட்டுங்க.”

வெளியே தாழ்வாரத்தில் மழை இரைந்தது. சுமையாட்கள் எடை போடுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். பெத்துராஜின் கை கத்தரிமேல் போகவில்லை. போகாமல் இருந்ததற்குத் தைரியம் காரணம் அல்ல, கூச்சம் காரணம். வெட்டாமல் விட்டாலோ, தெருப் பெரியதனக்காரர் ஒச்சப்பன் இருக்கிறார்; கிட்டங்கி நிற்கும் மனை அவருடையது. தெருவுக்கு அவர் வைத்ததுதான் கட்டு. மலையிலிருந்து இறங்குகிற பொதிமாடுகள் இளைப்பாறுவது அவர் தொழுவத்தில். அவர் கண்ணசைத்தால் போதும். ஒரு பொதியும் இந்த வாசலுக்கு வராது. அதே ஒச்சப்பன், துணி கெட்டியாக இருக்கிறது என்று பாடசாலைக் குடையில் ஒன்றை வாங்கி, “எட்டுக் கையும் எனக்கே குடை பிடிக்குதப்பா” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிகிறார். அந்தக் குடையும் சேரிப் பெண்ணின் குடையும் ஒரே தெருவில் ஒரே சமயத்தில் விரிந்தால்?

“நாளைக் காலையில தெருமுனைக்கு நானே வர்றேன்” என்றார் பெத்துராஜ். “ஒச்சப்பண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். அதுவரைக்கும் பேரை அடிக்காதீங்க.”

“நாளைக்கு அவ மடக்கிக்கிட்டு வந்தா அடிச்சிருவேன்” என்றார் ஞானபாக்கியம். “விலக்கு வாங்கிக்கிட்டு உட்கார்றதைவிட வெளியே போறது அவளுக்கு மரியாதை. அவகிட்டயும் சொல்லிட்டேன்.” குடையையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

மறுநாள் விடிந்தும் விடியாத மாதிரியே இருந்தது வானம். மலை தெரியவில்லை, மேகம் அதை முழுதும் மூடி ஊர் எல்லைவரை இறங்கியிருந்தது. பெத்துராஜ் தம் குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்குப் போனபோது, அவருக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள். செய்தி மழையைவிட வேகமாகப் பரவியிருந்தது.

ஒரு பக்கம், தெருவின் முதல் வீடான தம் வீட்டு வாசலில், எட்டுக் கைக் குடையை விரித்துப் பிடித்தபடி ஒச்சப்பன். அவரைச் சுற்றி அவருடைய பங்காளிகள். மறுபக்கம், சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு கருத்தம்மாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு செல்லக்கிளி. பன்னிரண்டு வயதுப் பெண்; மடக்கிய குடையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பின்னால் சற்றுத் தள்ளி, இன்னும் மூன்று மலைப்பிள்ளைகள் ஒரு புளியமரத்தடியில் ஒண்டி நின்று, இவள் கதி என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன.

“வாப்பா, பெத்துராசு” என்றார் ஒச்சப்பன். “மழைக்குள்ள இம்புட்டுத் தூரம் எதுக்கு? போயி சரக்கைப் பாரு, ஈரத்துல பூசணம் பூத்துரப் போகுது.”

“அண்ணே, நம்ம பாடசாலைப் பிள்ளை. ஒரு வார்த்தை பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“புள்ள போகட்டுமே. போக வேணாம்னு யாரு சொன்னா? நேத்துப் போனாள்ல, அதே மாதிரி மடக்கிக்கிட்டுப் போகட்டும்.”

“மடக்குனா பேரை அடிச்சிருவாங்கண்ணே. சட்டம்.”

“எவன் போட்ட சட்டம்?”

பெத்துராஜ் தொண்டையைச் செருமினார். “நான் போட்டதுதான்.”

வாசலில் சிரிப்பு வெடித்தது. “ஏ, ஏலக்காய்க்காரரு பிள்ளைகளையும் மூட்டைன்னு நெனச்சுட்டாருப்பா! மார்க்கா வெளிய தெரியணுமாம்!” என்றான் ஒரு பங்காளி. பெத்துராஜும் அசட்டுச் சிரிப்பொன்றைச் சிரித்துவைத்தார். ஒச்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தம் குடையை அண்ணாந்து பார்த்தார். பிறகு பெண்ணின் கையிலிருந்த குடையைப் பார்த்தார்.

“என் கையில இருக்கறதும் அவ கையில இருக்கறதும் ஒரே குடை. இது தெரிஞ்சுதான் எனக்கு இதை வித்தீங்களாக்கும்?”

“அப்படியெல்லாம் நெனக்கலைண்ணே…”

“நெனச்சுருக்கணும். உங்கப்பன் நெனச்சாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன். தெற்க இருந்து கருப்பட்டிச் சுமையைத் தூக்கிட்டு வர்றப்ப, இந்த முக்குல குடையை மடக்குனா அந்தக் கடைசியிலதான் விரிப்பாரு. சுமைக்குத்தான் ஓலையைப் போட்டு மூடுவாரு, தலைக்கு ஒண்ணும் போட மாட்டாரு. உன் காலத்துல, போனாப் போகுதுன்னு நாங்க கண்டும் காணாம விட்டோம். நாங்க விட்டோம்ப்பா. அதனாலதான் நீ இப்ப விரிச்சுக்கிட்டு நிக்குற.”

பெத்துராஜின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. அந்தச் சுமைக்குப் பின்னால் நடந்து வந்த பையன் அவர்தான். “குடைதான் இருக்கேப்பா” என்று அவன் கேட்டதும், “பேசாம நட” என்று தகப்பன் பல்லைக் கடித்ததும், ஓலையையும் மீறி முதுகில் வழிந்த தண்ணீரில் கருப்பட்டி கரைந்து பழுப்பாக ஓடியதும் அவர் யாருக்கும் சொல்லாதவை. வீட்டில் மனைவி ரெபேக்காளுக்குக்கூடச் சொல்லாதவை. குடையைத் தம் பணம் விரித்தது, தம் வேதம் விரித்தது, வெள்ளைக்காரன் கோர்ட்டு விரித்தது என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தார். இல்லை. அதை விரித்தது ஒச்சப்பனின் கண்ஜாடை. கண்ஜாடையால் விரிந்தது கண்ஜாடையால் மடங்கும்.

“சாமி” என்றாள் கருத்தம்மாள், மெல்ல. “நேரமாகுது. மணி அடிச்சுட்டா அதுக்கும் பேரை அடிச்சிருவாகளாமே. மடக்கவா, விரிக்கவா? ஏதோ ஒண்ணைச் சொல்லிருங்க.”

பெத்துராஜ் ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பனுக்கே இரக்கம் வந்ததுபோல் இருந்தது. அவர் இரண்டு படி இறங்கி வந்து, குரலைத் தணித்து, ஒரு வழி சொன்னார்.

“சரி, உனக்காகச் சொல்றேன், கேட்டுக்க. உன் குடையை நீ மடக்கு. அவ குடையை அவளே விரிச்சு, உன் தலைக்குப் பிடிச்சுக்கிட்டு வரட்டும். மொதலாளிக்கு வேலைக்காரி குடை பிடிச்சா அதைத் தப்புன்னு எவனும் சொல்ல மாட்டான். எங்க வீட்டுலயும் பிடிக்கிறாளுகள்ல? உன் மார்க்காவும் தெரியும், அவ பேரும் நெலைக்கும், தெருவுக்கும் பங்கமில்லை. என்னா சொல்ற?”

சுற்றி நின்றவர்கள், “அதான் சரி, அதான் ஞாயம்” என்றார்கள். பெத்துராஜுக்கு மூச்சு வந்தது. உண்மையிலேயே இது வழிதானே? சட்டம் உடையவில்லை. குடை மடங்கவில்லை. பெண் பாடசாலைக்குப் போய்ச் சேருகிறாள். யாருக்கு என்ன நஷ்டம்? அவர் தம் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “என்னம்மா கருத்தம்மா?” என்று கேட்டார்.

“பேரு அடிபடாதுல்ல, சாமி? அது போதும்” என்றாள் அவள். ஆனால் மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

செல்லக்கிளி தாயின் கையை விட்டுவிட்டுக் குடையை விரித்தாள். எட்டு வெண்கைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மேலப்பெருந்தெருவில் முதல்முறையாகச் சேரிக்கையால் விரிந்தன. விரிந்து, பெத்துராஜின் தலைக்குமேல் உயர்ந்தன.

அவர் உயரமான மனிதர். அவள் அவர் விலாவுக்குத்தான் வருவாள். குடை அவர் தலையைத் தாண்ட வேண்டுமானால், இரண்டு கைகளாலும் காம்பைப் பிடித்து, அண்ணாந்து, நுனிக்காலில் நடக்க வேண்டும். அப்படியே நடந்தாள். குடை முழுவதும் அவருக்கு. கம்பி நுனிகளிலிருந்து வழிந்த தண்ணீர் முழுவதும் அவளுக்கு. நேற்று மடக்கிய குடையோடு நனைந்தாள். இன்று விரித்த குடையோடு நனைந்தாள். இதுதான் கண்டுபிடித்த வழி!

கருத்தம்மாள் தெருமுனையிலேயே நிற்க, பெத்துராஜ் நடந்தார். அவர் தலைமயிர் காய்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். உள்ளேயிருந்து பார்க்கும்போது கைகள் தெரியவில்லை. பிள்ளைகள் போட்ட தையலின் பின்பக்கம்தான், முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது.

இருபுறமும் வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். “பாந்தமாப் பிடிச்சுட்டுப் போறா பாரு” என்றாள் ஒருத்தி. “பாடசாலையில நல்லாத்தான் பழக்கியிருக்காக. நான்கூட என்னமோ ஏதோன்னு நெனச்சேன்.”

“கை வலிக்குது, மொதலாளி” என்றாள் செல்லக்கிளி, அவருக்கு மட்டும் கேட்கும்படி. “இன்னும் எம்புட்டுத் தூரம் பிடிக்கணும்?”

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒச்சப்பனின் குரல் தெரு முழுக்க ஒலித்தது: “ஏப்பா பெத்துராசு! நல்லாருக்குப்பா உங்க வேதப் பாடசாலை! எனக்கும் ரெண்டு புள்ளைகளை அனுப்பி வை. வயக்காடு வரைக்கும் குடை பிடிக்கட்டும்!”

தெரு சிரித்தது. பெத்துராஜின் கால்கள் நின்றன.

எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? அவரைப் பார்த்தா? இல்லை, சிரிப்பில் பகை இல்லை, பாராட்டு இருந்தது. அதுதான் சுட்டது. சின்னம் என்பது பொய் சொல்லத் தெரியாத பொருள். அதைத் தாங்கி நிற்பது எதுவோ, அதைத்தான் அது ஊருக்குச் சொல்லும். ஞானபாக்கியம் வரைந்த எட்டுக் கைகள், எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று சொல்ல வந்தவை. இந்தத் தெருவில் இந்த நிமிஷம் அவை சொல்வது வேறு. இந்தப் பாடசாலையில் சேரிப் பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, கடைசியில் முதலாளி தலைக்குக் குடை பிடிக்கப் பழக்குவோம் என்று சொல்கின்றன. அந்த விளம்பரத்தின் கீழே, தலை நனையாமல் நிற்கும் சரக்கு யார்? கமிட்டியில் முழங்கினவன்! கருப்பட்டி கரைந்த முதுகுக்குப் பின்னால் நடந்தவன்!

அவர் ஒரு அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தார். குடையிலிருந்து வெளியே வந்தார். மழை அவர் தலையில் இறங்கியது.

செல்லக்கிளி திகைத்து, குடையை மறுபடி அவர் பக்கம் நீட்டினாள். அவர் இன்னொரு அடி விலகினார்.

“கையை எறக்கு, ஆத்தா. உன் தலைக்குப் பிடி.”

“அடிப்பாக, மொதலாளி.”

“மொதலாளின்னு கூப்பிடாத. உன் குடை, உன் தலைக்குப் பிடி. நட. நான் பின்னால வர்றேன்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை அது. நம்பி ஏமாந்த பரம்பரையின் பார்வை. பிறகு குடைக்காம்பை மெல்லத் தாழ்த்தித் தோளில் சாய்த்தாள். மழை அவளை விட்டது. மேலப்பெருந்தெருவின் நட்டநடுவில், தன் தலைக்குத் தான் குடை பிடித்து, செல்லக்கிளி நடந்தாள்.

சிரிப்பு அறுந்தது. பிறகு சேற்றில் காலடிகள். கேலி பேசிய அதே பங்காளி முன்னால் ஓடி வந்து குறுக்கே நின்று, குடையின் கம்பியைப் பற்றி வளைத்தான். “மடக்குடி!”

அவள் விடவில்லை. காம்பை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கம்பி வளைந்தது. பெத்துராஜ் இடையில் புகுந்தார். அவர் சண்டைக்காரர் அல்லர். கை ஓங்கத் தெரியாது. கம்பியைப் பிடித்திருந்த கையின்மேல் தம் இரு கைகளையும் வைத்து, விரல் விரலாகப் பிரித்தார். தோளில் ஓர் அடி விழுந்தது. இன்னொன்று பிடரியில் விழுந்தது. பிரிப்பதை அவர் நிறுத்தவில்லை.

“விடுறா அவனை” என்றது ஒச்சப்பனின் குரல். அவர் நெருங்கி வந்திருந்தார். முகம் அமைதியாக இருந்தது. “பெத்துராசு, நாம அடிதடிக்காரங்க இல்லை. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். என் மனையில இருக்கற உன் மூட்டை அத்தனையும் இன்னைக்கே வெளிய போயிரணும். இந்த மழை நிக்கிறதுக்கு முந்தி. நின்னப்பொறம் இல்லை, முந்தி. வெளங்குதா?”

விளங்கியது. பதினைந்து வருஷத்து வியாபாரம் மழையில் நிற்கும். விளைச்சல் கொடுத்த தோட்டக்காரர்கள் கழுத்தைப் பிடிப்பார்கள். ‘அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க’ என்ற வார்த்தை அவர் நாக்கின் நுனிவரை வந்தது. வாழ்நாளெல்லாம் அவரைக் காப்பாற்றிய வார்த்தை அது. கண்ணெதிரே, வளைந்த கம்பியோடு குடையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அந்த வார்த்தையைச் சொன்னால் அவள் மடக்க வேண்டியிருக்கும்.

“எடுத்துர்றேண்ணே” என்றார். “மொதல்ல பிள்ளை போய்ச் சேரட்டும்.” அவள் பக்கம் திரும்பினார். “வெரசா நடக்காத. எப்பவும் போல நட.”

இருவரும் நடந்தார்கள். யாரும் தொடவில்லை. தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அடியைவிடக் கனமாக இருந்தது. ஒவ்வொரு வாசலும் ஒரு கல் எறியப்போகும் கைபோலவே அவருக்குத் தோன்றியது. எங்கோ ஒரு கதவு ஓங்கிச் சாத்தப்பட்டது. அவர் தோள் துள்ளியது. முன்னால் அவள் குடை துள்ளவில்லை.

பாடசாலை வாசலில் ஞானபாக்கியம் நின்றிருந்தார். மணி அடிக்கும் கயிறு அவர் கையில் இருந்தது, அடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். செல்லக்கிளி படியேறி, குடையை மடக்காமலேயே கொண்டுபோய், தாழ்வாரத்தில் மற்றப் பிள்ளைகளின் குடைகளுக்கு நடுவே காயவைத்தாள். வளைந்த கம்பியால் அந்த ஒரு கை மட்டும் சற்றுத் தொங்கியது. அதைத் தட்டி நிமிர்த்திப் பார்த்தாள், நிமிரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குள் போனாள்.

“உள்ள வாங்க, அண்ணாச்சி. பிடரியில ரத்தம் வருது. துடைச்சுக்கிட்டு உட்காருங்க” என்றார் ஞானபாக்கியம்.

“சாயங்காலம் எப்ப விடுவீங்க?”

“நாலு மணிக்கு. ஏன்?”

“அவ திரும்பிப் போக வேண்டியதும் அந்தத் தெருதானே” என்றார் பெத்துராஜ். “மணியை இப்ப அடிச்சிராதீங்க. புளியமரத்துக்கிட்ட இன்னும் மூணு பிள்ளைக நிக்கிதுக. நான் போயிக் கூட்டிட்டு வந்துர்றேன்.”

ஞானபாக்கியம் கயிற்றைக் கம்பத்தில் கட்டினார்.

பெத்துராஜ் தம் குடையை விரித்தார். விசை இரண்டாம் முறைதான் பிடித்தது. வந்த வழியே தெருவுக்குள் இறங்கினார். கூட்டம் கலையவில்லை, பெருகியிருந்தது. இப்போது சிலர் கையில் கம்பு இருந்தது. தெருவின் நடுவில், எட்டுக் கைக் குடையின் கீழ், ஒச்சப்பன் வழிமறித்து நின்றார்.

“திரும்பி வந்துட்டியே” என்றார். “மூட்டையைத் தூக்கத்தான் வந்தியா?”

“இல்லண்ணே” என்றார் பெத்துராஜ். “இன்னும் மூணு பேரு இருக்காங்க.”